இரண்டு மாடி வரை

பதினொன்று பத்துக்கு மணி எதுவும் அடிக்காது.
யார்க்கோ வந்து நிற்பான்,
கழுத்தில் ஸ்டாப்வாட்ச்,
முகத்தில் எட்டு மணி நேரம் தூங்கியவனின் தெளிவு.
"நோ நீன்" என்பான்.
எங்கள் மொழியில் அதற்கு
சரி, கிளம்பு, போதும், அடக்கடவுளே, அவ்வளவுதான்
எல்லாமே அர்த்தம்.
இன்றைக்கு எது என்பது
இரண்டாவது மாடியில்தான் தெரியும்.

ஓவுலு. நவம்பர்.
ஜன்னலுக்கு வெளியே பகல்
வந்ததும் வராததுமாய்க் கிளம்பத் தயாராகிறது.
ஓய்வூதிய அலுவலகத்தின் பின்படிக்கட்டில்
பதினோரு பேர் குனிந்து
காலணி நாடா கட்டுகிறோம்.
தலைமை அதிகாரி மெர்யாவும் வரிசையில்தான்,
முத்துமாலையைக் கழற்றிக்
காலிக் காபிக் கோப்பைக்குள் போட்டுவிட்டு.
வெய்க்கோ மட்டும் வரவில்லை.
மூன்று வாரமாக அவன்
அச்சு இயந்திரத்தைப் பழுதுபார்க்கிறான்.
பழுது என்னவென்று இயந்திரத்துக்கே தெரியாது.

இருபது விநாடி, உயிரைக் கொடுத்து ஏற வேண்டும்.
இரண்டு நிமிடம் இறங்கி வரலாம்.
மறுபடி. அப்புறம் இன்னொரு தடவை.
காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும்,
இதயம் உங்களுக்கு நன்றி சொல்லும்
என்கிறது சுவரொட்டி.
அதில் ஓடுகிற பெண்ணுக்கு
வியர்த்ததே இல்லை.

முதல் ஓட்டம் பொய்.
ஐம்பத்தெட்டு வயதைக் கீழ்ப்படியில் விட்டுவிட்டு
இரண்டிரண்டாய்த் தாவுகிறேன்,
யாரோ பார்க்கிறார்கள் என்ற நினைப்பில்.

இரண்டாவதில் தொடை வாய் திறக்கிறது.
கைப்பிடிக் கம்பியைத் தொடக்கூடாது என்பது விதி.
தொட்டேன்.
முன்னால் போகிற சினிக்காவின் குதிகால்
திருப்பத்துக்குத் திருப்பம் மறைந்துகொண்டே போகிறது.

மூன்றாவதில்
நுரையீரலில் யாரோ கம்பளி அடைக்கிறார்கள்.
பல்லில் இரும்பு ருசி.
இரண்டாம் மாடித் திருப்பத்தில்
காலையில் நான் எழுதிய வாக்கியம்
எதிரே இறங்கி வந்தது:

விண்ணப்பதாரர், மூச்சு வாங்கினாலும்,
இரண்டு மாடி ஏறக்கூடியவர்.

ஹெய்மோ. கெமி ஊர்க்காரர்.
கிடங்கில் முப்பத்தொரு வருடம்.
வேலை செய்ய இயலாது என்று மனு.
மருத்துவர் எழுதியது இரண்டு வாக்கியம்:
இரண்டு மாடி ஏறுகிறார்.
மூச்சு வாங்குகிறது.
நான் ஒன்றாக்கினேன்.
அந்த 'ஆலும்' என் கைச்சரக்கு.
நடுவில் இரண்டு காற்புள்ளி போட்டு
ஒரு மனிதனின் மூச்சை
ஓரமாக உட்கார வைத்துவிட்டேன்.

உட்கார்ந்தேன், படியில்.
யார்க்கோ மேலிருந்து கத்துகிறான்,
"நாற்பத்தாறு படி, ரய்லி!
போன வாரத்தைவிட நாலு கூடுதல்!"
மெர்யா கைதட்டுகிறாள்.
பதில் சொல்ல வாய் இருக்கிறது, காற்று இல்லை.
ஒரு விரலைத் தூக்கினேன்: பொறு.

மூச்சு திரும்பி வந்தது.
ஒன்றரை நிமிடம் ஆனது.
அவருக்கு எவ்வளவு ஆகும்?
படிவத்தில் பதினேழு பக்கம்.
ஏறியவருக்கு மூச்சு
எப்போது திரும்பும் என்று கேட்க
ஒரு கட்டம்கூட இல்லை.

மேசைக்கு வந்தேன்.
சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.
திரையில் முடிவுக் கடிதம், என் கையெழுத்துக்காக,
பன்னிரண்டுக்குள் போக வேண்டியது.
அதைப் பார்க்காமல்
கெமிக்கு டயல் செய்தேன்.
என்ன கேட்பதென்று யோசித்திருக்கவில்லை.

நான்கு மணி.
ஐந்து.
வெய்க்கோ கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தான்,
"எப்படி இருந்தது, செத்துவிட்டாயா?"
ஆறு.
வழக்கமாக ஆறில் வைத்துவிடுவேன்,
பதில் இல்லை என்று குறித்துவிட்டு.
அறையின் அந்தக் கோடியிலிருந்து
எழுந்து வருகிறாராக இருக்கும்.

வெய்க்கோவுக்கு ஒரு விரலைத் தூக்கினேன்.

ஒன்பது.
பத்து.